அம்மாவின் பெயரைச் சொல்லாமல் மாரத்தான் ஓடி நிதி திரட்ட முடியுமா?

பொங்கோல்வாசி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 41. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் வேலை. கடைசியாக ஓடியது ஐபிபிடி எனும் தேசிய சேவை உடற்தகுதித் தேர்வுக்காக 2.4 கிலோமீட்டர், அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டு. பிப்ரவரியில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ போகிறது. இந்த மூன்று மாதத்தில் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களில் முக்கியமானவர் புற்றுநோய் ஆதரவு அமைப்பு ஒன்றின் தொண்டூழியர், அவரும் முன்பு இந்த நோயிலிருந்து மீண்டவர்தான். வாரம் ஒரு தடவை அம்மாவுக்கு போன் செய்து அரை மணி நேரம் பேசுவார். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த போன் வந்த நாளில் அம்மா சாப்பிடுகிறார்.

அதனால் டிசம்பரில் இங்கே சிங்கப்பூரில் நடக்கும் மாரத்தானை ஓடி அந்த மாதிரி ஓர் அமைப்புக்கு 10,000 வெள்ளி திரட்டலாம் என்று நினைக்கிறேன். மனைவி, "முதலில் மூன்றாம் மாடிக்குப் படியேறிக் காட்டுங்கள்" என்கிறார். சரி, அது வேறு.

உண்மையான சிக்கல் இதுதான். அம்மாவுக்கு நோய் என்று யாருக்கும் தெரியக் கூடாதாம். எனக்கு, மனைவிக்கு, தங்கைக்கு, ஒரு மாமாவுக்கு மட்டும் தெரியும். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், "அந்த வீட்டில் அது இருக்கிறதாம்" என்று பேச்சு வந்துவிடும் என்று பயப்படுகிறார். முடி கொட்டியதும், பழனிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டேன் என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டார். அந்த ஆன்ட்டி இப்போது பிரசாதம் கேட்கிறார்.

ஆக, ஏன் ஓடுகிறேன் என்று சொல்லாமல் எப்படிப் பணம் கேட்பது? ஏழு மாதத்தில் இந்த உடம்பை வைத்துக்கொண்டு 42 கிலோமீட்டர் ஓடவும் முடியுமா?

---

ஈஸ்ட் கோஸ்ட் மாமா:

தம்பி, எனக்கு 57. ஒன்பது மாரத்தான் ஓடியிருக்கிறேன், எதிலும் வேகமாக ஓடியதில்லை. ஏழு மாதம் போதும். ஆனால் இன்றைக்கே காலணி மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். நாற்பதைத் தாண்டிய இந்திய ஆண், நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, முதலில் பலதுறை மருந்தகத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். நெஞ்சுவலி, மயக்கம், குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு என்று எதுவும் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உங்கள் வீட்டில் மறைக்கிற பழக்கம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முழுத் தூரம் 42.195 கிலோமீட்டர். உங்கள் ஐபிபிடி ஓட்டத்தைப் போல பதினேழரைத் தடவை. அப்படி நினைத்தால் பயமாக இருக்கும், நினைக்காதீர்கள். முதல் இரண்டு மாதம் வாரம் மூன்று நாள் அரை மணி நேரம், ஓடுவதும் நடப்பதுமாக. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அதுதான் வேகத்துக்கு அளவு. பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். அப்புறம் ஞாயிறுதோறும் ஒரு நீண்ட ஓட்டம், வாரத்துக்கு ஒன்று இரண்டு கிலோமீட்டராகக் கூட்டிக்கொண்டே போய், நான்கு வாரத்துக்கு ஒரு முறை குறைத்து, நவம்பரில் 30 வரை கொண்டுவாருங்கள். அதற்கு மேல் வேண்டாம். கடைசி இரண்டு மூன்று வாரம் குறைத்து ஓடி, கால்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் பதற்றத்தில் எல்லாரும் கூடுதலாக ஓடிக் காலைக் கெடுத்துக்கொள்வார்கள்.

பிடோக் நீர்த்தேக்கத்தில் தொடங்கலாம், ஒரு சுற்று 4.3 கிலோமீட்டர், முடியவில்லை என்றால் கார் பக்கத்திலேயே இருக்கும். தூரம் கூடியதும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க். மெக்ரிட்சி மேடு பள்ளம், அதைக் கால் பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரயில் தடத்தில் போட்ட ரயில் காரிடார் பாதை 24 கிலோமீட்டர் நீளம், ஒரு முனையில் தொடங்கினால் திரும்பி வர எம்ஆர்டி ரயில்தான், ஈரச் சட்டையோடு ஏறுவதற்கு வெட்கப்படக் கூடாது.

நம் ஊரில் எதிரி தூரம் இல்லை, புழுக்கம். விடியற்காலை ஐந்து மணிக்குக்கூட வேர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. அதனால் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதி வைத்த நேரக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் போட்டால் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், முதல் தடவைக்கு அது நல்ல கணக்கு. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கவும் கூடாது, ரத்தத்தில் உப்பு குறைந்துபோய் மயங்கி விழுந்தவரைப் பார்த்திருக்கிறேன். ஹண்ட்ரட் பிளஸ் மாதிரி உப்புச் சத்துள்ள பானம், வாழைப்பழம், பேரீச்சம்பழம், எனக்குக் கடலை மிட்டாய். வெயிலில் ஓடும்போது உடம்பு சிலிர்த்தாலோ, தலை கிறுகிறுத்துப் பேச்சு குழறினாலோ உடனே நின்றுவிடுங்கள், அன்று பதக்கம் வேண்டாம்.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள்: தொடை இடுக்கிலும் மார்புக் காம்பிலும் வாசலின் தடவுங்கள். தடவாமல் ஓடிவிட்டுக் குளிக்கும்போது தெரியும்.

பணம் கேட்கிற விஷயம் எனக்கு வராது. நான் யாரிடமும் கேட்டதில்லை.

---

கணக்குப்பிள்ளை:

பணம் கேட்கிற விஷயம் எனக்கு வரும். எங்கள் அலுவலகத்தில் நான்கு வருடமாக இதைச் செய்கிறேன்.

முதலில் ஒன்று: உங்கள் வங்கிக் கணக்குக்கே பணம் வந்து சேரும் பேநவ் எண்ணைக் கொடுத்து வசூலிக்காதீர்கள். நீங்கள் நாணயமானவராகவே இருக்கலாம், ஆனாலும் வேண்டாம். கிவிங் எஸ்ஜி என்ற நன்கொடைத் தளத்தில் உங்கள் ஓட்டத்துக்கென்று ஒரு நிதிதிரட்டுப் பக்கம் திறந்தால் பணம் நேரே அமைப்புக்குப் போய்விடும், உங்கள் கை படாது. வரிக்கழிவு தரத் தகுதியுள்ள அறநிறுவனமா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அப்படிப்பட்ட நிறுவனத்துக்குக் கொடுத்தால் 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. இதை நம் ஆட்களில் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 100 வெள்ளி கொடுத்தால் 250 வெள்ளி திரும்பி வராது. வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி குறையும், அவ்வளவுதான். 11.5 விழுக்காடு வரி கட்டுகிறவருக்கு 28 வெள்ளி 75 காசு மிச்சம். அடையாள அட்டை எண்ணைக் கொடுத்திருந்தால் வருமான வரி ஆணையத்துக்குக் கணக்கு தானாகப் போய்விடும்.

உண்டியல் எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் தேக்காவில் நிற்கலாம், புளோக் புளோக்காகக் கதவு தட்டலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிக்க உரிமம் வேண்டும்.

எங்கே கொடுப்பது என்று கேட்டால், சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் 1964 முதல் இருக்கிறது. நோயாளிகளுக்கு நிதியுதவி, ஆதரவுக் குழு, வீட்டுக்கே வந்து அந்திமகாலப் பராமரிப்பு என்று பல வேலை செய்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கென்றே தனி அறநிறுவனமும் இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் பேசுகிறவர் எந்த அமைப்போ அதற்கே கொடுப்பதுதான் என் கணக்கில் சரி.

கேட்கும் முறை. குடும்ப வாட்சப் குழுவில் இணைப்பைப் போட்டால் பதினைந்து பேர் கைகூப்புவார்கள், இரண்டு பேர் பணம் போடுவார்கள். தனித்தனியாக அனுப்புங்கள், பெயர் சொல்லி. "முடிந்ததைக் கொடுங்கள்" என்று எழுதாதீர்கள், எவ்வளவு என்று தெரியாமல் முழித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளி, 42 வெள்ளி என்று கேளுங்கள். முதல் நன்கொடையை நீங்களே போடுங்கள், அந்த நிதிதிரட்டுப் பக்கத்தில் சைபர் இருந்தால் யாரும் முதல் ஆளாக வர மாட்டார்கள். 10,000 வெள்ளிக்கு 42 வீதம் 239 பேர் வேண்டும், அவ்வளவு பேரை உங்களுக்குத் தெரியாது. எனவே அலுவலகத்தில் ஊழியர் திரட்டும் தொகைக்கு ஈடாக நிறுவனமும் போடுமா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் கேட்காதீர்கள், எல்லாருக்கும் செலவு.

---

சும்மா கேட்கிறேன்:

மனதில் பட்டதைக் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். பதிவுக் கட்டணம், காலணி, சட்டை, ஓடும்போது சாப்பிடும் ஜெல் எல்லாம் சேர்த்தால் சில நூறு வெள்ளி. அதைப் பேசாமல் அந்த அமைப்புக்கே கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே? நீங்கள் ஓடுவதால் யாருக்கு நோய் குறையப் போகிறது? அடுத்தவர் பொழுதுபோக்குக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு வருடமும் தோன்றும். (கொடுத்தும் விடுவேன், அது வேறு விஷயம்.)

---

ஈஸ்ட் கோஸ்ட் மாமா:

கேள்வி நியாயம்தான். ஓட்டத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சும்மா உட்கார்ந்துகொண்டு "கொடுங்கள்" என்றால் நீங்களே கொடுப்பீர்களா?

டெரி ஃபாக்ஸ் என்று கனடாக்காரர் ஒருவர். 18 வயதில் எலும்புப் புற்றுநோயால் வலது காலை எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு அந்த நாட்டைக் குறுக்காக ஓடக் கிளம்பினார், தினமும் ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம். தொடக்கத்தில் பல ஊர்களில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபோது நோய் நுரையீரலுக்குப் பரவியிருப்பது தெரிந்து நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் கனடா டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது, அன்றைய கணக்கில் அந்த நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர். ஜூன் 1981இல் இறந்துபோனார், 22 வயது. அவர் பெயரில் நடக்கும் ஓட்டம் சிங்கப்பூரிலும் நடந்திருக்கிறது.

பேசாமல் அவர் தன் சேமிப்பைக் கொடுத்திருக்கலாம்தான்.

---

மதுரைக்காரன்:

அண்ணே, இங்கே உள்ள அமைப்புகளுக்குக் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பலாமே? 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் பல வருடம் போராடிக் கட்டியது. ஊரில் எங்கள் பெரியப்பாவுக்கு அங்கேதான் பார்த்தோம்.

---

கணக்குப்பிள்ளை:

நல்ல எண்ணம், ஆனால் வெளிநாட்டு நோக்கத்துக்காக இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரிடம் அனுமதி வாங்க வேண்டும். இந்த வரிக்கழிவும் கிடைக்காது. உங்கள் சொந்தப் பணத்தை நீங்கள் தாராளமாக அனுப்புங்கள்.

---

தெம்பனிஸ் அக்கா:

தம்பி, மற்றவர்கள் ஓட்டத்தையும் கணக்கையும் சொல்லிவிட்டார்கள். நான் உங்கள் அம்மா பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கும் அதே நோய்தான், சிகிச்சை முடிந்து ஆறு வருடம் ஆகிறது.

எனக்குக் கீமோ நடந்த சமயத்தில் முன்னாள் சகா ஒருவர், நல்ல மனிதர், எனக்காக ஓடுகிறேன் என்று கிளம்பினார். நான் தலையில் முடியில்லாமல் எடுத்த ஒரு படம் அவரிடம் இருந்தது. என்னைக் கேட்காமல் அதைத் தன் நிதிதிரட்டுப் பக்கத்தில் போட்டுவிட்டார், கீழே "தைரியமாகப் போராடும் நம் சகோதரி" என்று. ஒரே நாளில் என் பழைய அலுவலகம், கோயில், மகனின் பள்ளித் தாய்மார் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பணம் நிறையச் சேர்ந்தது என்று சொன்னார். நான் இரண்டு வாரம் கீழே இறங்கவில்லை. அந்தப் போராட்டம் என்ற வார்த்தையும் எனக்கு ஆகாது. நான் எங்கே போராடினேன், படுத்துக் கிடந்தேன். வாயெல்லாம் இரும்பைச் சப்பின மாதிரி இருக்கும், ரசம்கூட இறங்காது. மருந்து போராடியது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

அதனால் அம்மா சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள். உடம்பில் நடப்பது எதுவும் அவர் கையில் இல்லை, ஊசி எப்போது, முடி எப்போது, பசி எப்போது எல்லாம் அட்டவணைப்படி. யாருக்குச் சொல்வது என்பது ஒன்றுதான் அவர் கையில் இருக்கிறது. அதையும் நீங்கள் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

வரன் விஷயத்தில், மார்பகப் புற்றுநோயில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் பரம்பரை மரபணுவால் வருகிறது. இதை இப்போது அம்மாவிடம் வாதாடாதீர்கள், கீமோ முடியட்டும். ஆனால் தங்கையை மட்டும் விடாதீர்கள், எப்போதிலிருந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அம்மாவின் மருத்துவரிடமே கேட்கச் சொல்லுங்கள். பொதுவாக இங்கே 50 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மேமோகிராம், 40களில் மருத்துவரோடு பேசிவிட்டு வருடம் ஒரு முறை. தாய்க்கு வந்திருந்தால் அவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

உங்கள் நிதிதிரட்டுப் பக்கத்தில் என்ன எழுதுவது? நோயாளியைப் பற்றி எழுதாதீர்கள், உங்களைப் பற்றி எழுதுங்கள். 41 வயது, தொப்பை, மூன்றாம் மாடி, மனைவி சொன்னது. அதற்கே நான் சிரித்துவிட்டேன். அப்புறம் அந்த போன் செய்கிறவரைப் பற்றி எழுதுங்கள், பெயர் வேண்டாம், ஒருவர் வாரம் அரை மணி நேரம் பேசினால் ஒரு வீட்டில் என்ன மாறும் என்று. "யாருக்காக ஓடுகிறாய்" என்று கேட்டால், "எனக்குத் தெரிந்த ஒருவருக்காக" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தோண்டுகிறவரிடம் 84 வெள்ளி கேளுங்கள்.

எழுதியதை வெளியிடும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். "சும்மா கேட்கிறேன்" சொன்னதிலும் ஒன்று இருக்கிறது, கீமோ போட்ட வாரத்து ஞாயிறு ஓட வேண்டாம், வீட்டில் இருங்கள். ஓட்டத்தை வேறு நாளுக்கு மாற்றலாம். ஆனால் நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள், அது எங்களுக்குத் தாங்காது. ஒரு மணி நேரம் வெளியே போய் வேர்த்து நாறிக்கொண்டு வாருங்கள், திட்டுவதற்கு எங்களுக்கும் ஏதாவது வேண்டும்.

பழனி ஆன்ட்டிக்குக் கொஞ்சம் பஞ்சாமிர்தம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், தேக்காவில் பாட்டிலில் கிடைக்கும்.

---

பொங்கோல்வாசி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சர்க்கரை எல்லையில் நிற்கிறதாம், மற்றதெல்லாம் சரி, மருத்துவர் ஓடு என்றுதான் சொன்னார். போன ஞாயிறு நிற்காமல் 6 கிலோமீட்டர். வலது கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது, அது இயல்பா?

அக்கா சொன்ன மாதிரியே எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். "தொப்பை" என்று இருந்த இடத்தில் மட்டும், "ஊரெல்லாம் படிக்கும், அதை எடுத்துவிடு" என்றார். எடுக்கவில்லை. போன் செய்கிறவரைப் பற்றிய பத்தியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார், நானும் வேண்டாம் போல என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவரே, "என்ன, போட்டாச்சா?" என்று கேட்டார்.

இதுவரை 1,870 வெள்ளி சேர்ந்திருக்கிறது. 42 வெள்ளிக் கணக்கு நன்றாக வேலை செய்கிறது, கணக்குப்பிள்ளைக்கு நன்றி. ஒரு சித்தப்பா மட்டும் யாருக்காக என்று தோண்டினார், 84 கேட்டேன், கொடுத்துவிட்டார். அலுவலகத்தில் இன்னும் பதில் வரவில்லை.

நேற்று இரவு ஒரு நன்கொடை வந்தது, பெயர் வெளியிடாமல், 101 வெள்ளி. வந்த மற்றதெல்லாம் 42, 50, 100 என்று இருக்க, மொய் எழுதுகிற மாதிரி ஒற்றை வெள்ளி சேர்த்துப் போட்டிருந்தது. அம்மாவுக்கு இணையத்தில் பணம் கட்டத் தெரியாது. தங்கையைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும்" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்.

---

ஈஸ்ட் கோஸ்ட் மாமா:

நகம் கறுப்பது இயல்பு. காலணி அரை அளவு பெரிதாக வாங்குங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

101 பற்றி வீட்டில் மூச்சு விடாதீர்கள். தளம் தானாக அனுப்பும் நன்றிக் கடிதம் போதும்.

வரும் ஞாயிறு கீமோ வாரம் இல்லை என்றால் காலை ஐந்தே முக்காலுக்கு பிடோக் நீர்த்தேக்கம், கார் நிறுத்துமிடத்துப் பக்கம் நிற்பேன். இரண்டு சுற்று, மெதுவாக. முடித்துவிட்டுக் கோப்பி குடிக்கலாம், சர்க்கரை இல்லாமல்.